நாலு வருஷத் தடிமன்

றிஸ்னா: கையில இரிக்கிறதக் கீழ வைங்க.

நளீர்: எத?

றிஸ்னா: லைட்டர. தட்ட வேணாம். கீழ வைங்க.

நளீர்: தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போறன் புள்ள. வந்ததும் வராததுமா என்ன...

றிஸ்னா: வைங்க எண்டு சொல்றன்.

நளீர்: சரி. இந்தா, மேசையில வச்சிட்டன்.

றிஸ்னா: சுவிச்சுல கை வைக்காதீங்க. லைட்டும் போட வேணாம், ஃபேனும் போட வேணாம். அப்படியே என்னோட வெளியால வாங்க.

நளீர்: செருப்பு...

றிஸ்னா: செருப்பு வேணாம். வாங்க.

நளீர்: வந்திட்டன். பக்கத்து ஊட்டுச் சனம் பார்த்தா என்ன நினைக்கும்? கல்யாணம் முடிச்சு இருபத்திரெண்டு வருஷத்துக்குப் பொறகு, பொஞ்சாதி வெறுங்காலோட முத்தத்துல நிப்பாட்டிட்டா எண்டு...

றிஸ்னா: இதுலயே நில்லுங்க. உள்ளுக்கு வரக் கூடாது. நான் போயிட்டு வாறன்.

நளீர்: நீ போகலாம், நான் போகக் கூடாதோ? றிஸ்னா... இஞ்ச... எல்லா யன்னலையும் என்னத்துக்குத் தொறக்கிறாய்?

றிஸ்னா: சிலிண்டரப் பூட்டிட்டன். பின்கதவையும் தொறந்து விட்டிட்டன். இனிக் காத்து வந்து போனாச் சரி.

நளீர்: சிலிண்டருக்கு என்ன?

றிஸ்னா: ரெகுலேட்டர் சரியாப் பொருந்தல்ல. ஊடு முழுக்கக் கேஸ். ஓட்டோவால இறங்கி கேற்றத் தொறக்கக்குள்ளயே எனக்கு மூக்குல அடிச்சிச்சு.

நளீர்: நான் இறுக்கித்தானே பூட்டினன்.

றிஸ்னா: எப்ப மாத்தினீங்க?

நளீர்: நீதானே சொல்லிட்டுப் போனாய், கேஸ் முடிஞ்சிட்டு, புதுச் சிலிண்டர மாத்துங்க எண்டு. நீ கச்சேரிக்குக் கையெழுத்து வாங்கப் போன பொறகு, பகல் ளுஹர் தொழுதிட்டு வந்து மாத்தினன்.

றிஸ்னா: பொறகு?

நளீர்: பொறகு முன் அறையில போய்ப் படுத்தன். இப்பதான் எழும்பினன்.

றிஸ்னா: ரெண்டு மணித்தியாலமா அதுக்குள்ளயா கிடந்தீங்க?

நளீர்: அறை யன்னல் தொறந்துதான் இரிந்திச்சு.

றிஸ்னா: அது தொறந்திராட்டி... சரி. மணக்கல்லையா உங்களுக்கு?

நளீர்: தடிமன் புள்ள. மூக்கடைப்பு.

றிஸ்னா: எத்தின நாளா?

நளீர்: ரெண்டு நாளா.

றிஸ்னா: ரெண்டு நாளாவா, நாலு வருஷமாவா?

நளீர்: ...என்ன கேக்கிறாய்?

றிஸ்னா: நாலு வருஷமா ஒரே தடிமனா எண்டு கேக்கிறன்.

நளீர்: ஆர் சொன்ன உனக்கு?

றிஸ்னா: ஆரும் சொல்லல்ல. நீங்களாச் சொல்லுவீங்க எண்டுதான் இவ்வளவு காலமும் பார்த்துக்கிட்டு இரிந்தன். இண்டைக்கு உங்கட கையில லைட்டரக் கண்டன். இனிப் பார்த்துக்கிட்டு இரிக்க ஏலாது.

நளீர்: கொஞ்சம் குந்துறன். தலை இடிக்கிது.

றிஸ்னா: மாமரத்தடியில குந்துங்க. தண்ணி கொண்டு வாறன்.

நளீர்: வேணாம். இப்ப உள்ளுக்குப் போகாத... நீயும் குந்து.

றிஸ்னா: குந்திட்டன். சொல்லுங்க.

நளீர்: என்னத்தச் சொல்ற. கொரோனாக் காய்ச்சல்ல போனது. உங்க எல்லாருக்கும் பத்துப் பதினைஞ்சு நாளையில சுகம் வந்திச்சு. எனக்கும் காய்ச்சல் விட்டிச்சு. மூக்கு மட்டும் வரல்ல.

றிஸ்னா: டாக்டரிட்ட?

நளீர்: ஒருக்காப் போனன். பொலன்னறுவைக்கு, அரிசி பார்க்கப் போறன் எண்டு சொல்லிட்டு. வந்தாலும் வரும், வராட்டியும் இல்ல எண்டார்.

றிஸ்னா: அதுக்கு அவ்வளவு தூரம். பக்கத்துல, புளியந்தீவுல டாக்டர்மார் இல்லையா?

நளீர்: புளியந்தீவுல ஒவ்வொரு தெருவுலயும் நம்மட காத்தான்குடிச் சனம் ஒண்டு நிக்கும். நளீர் மூக்குக்கு மருந்து எடுக்கிறான் எண்டா ரெண்டு நாள் போதும். மூக்கு இல்லாத சமையக்காரனக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவானா ஒருத்தன்?

றிஸ்னா: ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நளீர்: உனக்குச் சொன்னா அது உண்மையாப் போயிரும் எண்டு பயந்தன்.

றிஸ்னா: பொறகு எப்படிச் சமைச்சீங்க?

நளீர்: கண்ணால. முதல்ல கஷ்டமாத்தான் இரிந்திச்சு. பொறகு பழகிட்டு. வெங்காயம் வைக்கோல் நிறத்துல இருந்து பாக்கு நிறத்துக்கு மாறக்குள்ள ஏலம், கராம்பு போடணும். பால் கொதிச்சு, எண்ணெய் பிரிஞ்சு கிடாரச் சட்டிட கரையில சிவப்பா வளையம் கட்டினா இறைச்சி வெந்திட்டு. ரம்பை இலை பச்சை மாறிக் காஞ்ச புல்லு மாதிரி வரக்குள்ள இறக்கணும். சத்தமும் இரிக்கு. ஈரம் வத்தின எண்ணெய் வேற மாதிரிக் கதைக்கும்.

றிஸ்னா: நாக்கு?

நளீர்: நாக்கு ஒரு பாதிக் கதைதான் சொல்லும். உப்பு, புளி, இனிப்பு, கசப்பு. உறைப்புச் சுடும். அவ்வளவுதான். இது இறால், இது நண்டு எண்டு சொல்றது நாக்கு இல்ல புள்ள. முப்பது வருஷம் அடுப்படியில நிண்டும் எனக்கு அது தெரியாது. மூக்குப் போன பொறகுதான் தெரிஞ்சிச்சு.

றிஸ்னா: நல்லாரிக்கு, நல்லாரிக்கு எண்டு திண்டீங்களே.

நளீர்: அது பொய் இல்ல. சிவந்த இறாலக் கண்ணால கண்டா, பழைய ருசி எங்க இருந்தோ வந்து வாய்க்குள்ள நிக்கும். முழுசா இல்ல. நிழல் மாதிரி. கண்ண மூடினா அதுவும் போயிரும்.

றிஸ்னா: அதுதான் லைட் இல்லாட்டித் திங்க மாட்டீங்க.

நளீர்: அது எப்படி உனக்குத் தெரியும்?

றிஸ்னா: கரண்ட் வெட்டின வருஷம். பதின்மூணு மணித்தியாலம் எல்லாம் வெட்டினானுகள். நானும் புள்ளைகளும் மெழுகுதிரி வெளிச்சத்துல திண்டிட்டு எழும்புவம். நீங்க பசி இல்ல எண்டு சொல்லி இந்த முத்தத்துல அங்கயும் இங்கயும் நடப்பீங்க. லைட் வந்த உடனே வந்து குந்துவீங்க.

நளீர்: பார்த்துக்கிட்டா இரிந்தாய்?

றிஸ்னா: கட்டின மனிசன் பட்டினியா நடக்கிறார். பார்க்காம?

நளீர்: முதல் நாள் திண்டு பார்த்தன் புள்ள. இருட்டுக்குள்ள ஒரு வாய் வச்சன். சூடு தெரிஞ்சிச்சு, உப்புத் தெரிஞ்சிச்சு. வாய்க்குள்ள கிடக்கிறது மீனா கத்தரிக்காயா எண்டு தெரியல்ல. பீங்கானுக்குள்ள விரல விட்டுத் தடவிப் பார்த்தன். முள்ளு தட்டினதும்தான் மீன் எண்டு விளங்கிச்சு. அதுக்குப் பொறகு இருட்டுல திங்கப் பயம்.

றிஸ்னா: ஒரு நாள் திண்டீங்க.

நளீர்: எப்ப?

றிஸ்னா: மெழுகுதிரி முடிஞ்சிட்டு எண்டு நான் பொய் சொன்ன அண்டைக்கு. புள்ளைகள உம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டு, ரெண்டு பேரும் திம்பம் வாங்க எண்டு கூப்பிட்டன். நீங்க மறுக்க ஏலாமக் குந்தினீங்க.

நளீர்: இறைச்சி ஆக்கியிருந்தாய்.

றிஸ்னா: என்ன இறைச்சி?

நளீர்: மாடு. நல்ல இளசு. எந்தக் கடையில எடுத்தாய் எண்டு கூடக் கேட்டன்.

றிஸ்னா: பலாக்காய்.

நளீர்: ...என்ன?

றிஸ்னா: பிஞ்சுப் பலாக்காய். இறைச்சிச் சரக்குத்தூள் போட்டு ஆக்கின. நான்தான் முதல்லயே சொன்னன், இண்டைக்கு மாடு எண்டு. அதக் கேட்டிட்டுத் திண்டீங்க.

நளீர்: ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கினன்.

றிஸ்னா: ஓம். நான் குசினிக்குள்ள போய் அழுதிட்டு வந்துதான் போட்டன். இருட்டானபடியா உங்களுக்குத் தெரியல்ல.

நளீர்: கெட்டிக்காரிதான்... என்னட்ட கேட்டிருக்கலாமே.

றிஸ்னா: மறைச்சது நீங்க. நான் ஏன் கேக்கணும்? கோவமும் இரிந்திச்சு. கோவம் போன பொறகு... கேட்டா உடைஞ்சி போயிருவீங்க எண்டு பயம் வந்திச்சு. அதால என்னால ஏலுமானதச் செஞ்சன்.

நளீர்: என்ன செஞ்சாய்?

றிஸ்னா: அந்தக் கடும்பச்சைப் பீங்கானெல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு வெள்ளைப் பீங்கான் வாங்கினன். மஞ்சள ஒரு பிடி கூட்டினன். இறாலத் தலையோட முழுசாப் போட்டன், பார்த்த உடனே இறால் எண்டு தெரியணும் எண்டு. சாப்பாட்டு மேசைக்கு மேல பெரிய பல்ப் பூட்டினன்.

நளீர்: அந்தப் பல்ப்பா? இதென்ன கல்யாண ஊடா எண்டு பகிடி பண்ணினன்.

றிஸ்னா: பண்ணினீங்க. நானும் சிரிச்சன்.

நளீர்: புள்ள... அந்த நாளையில எனக்குக் கறியெல்லாம் ருசி தெரியத் தொடங்கிச்சு. மூக்குத் திரும்பி வருது எண்டு நினைச்சன்.

றிஸ்னா: யா அல்லாஹ்.

நளீர்: விடியச் சுபஹு தொழுதிட்டு ஆத்தங்கரைக்குப் போவன். தண்ணி வத்தின இடமாப் பார்த்து நிண்டு, இழுத்து இழுத்துப் பார்ப்பன். அந்தச் சேத்து மணமாவது வருதா எண்டு. சின்னனில மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவமே, அந்த மணம்.

றிஸ்னா: வந்திச்சா?

நளீர்: காத்துத்தான் வந்திச்சு.

றிஸ்னா: எனக்குத் தெரியாமப் போச்சு. இப்படி நினைப்பீங்க எண்டு தெரிஞ்சிருந்தா, அந்த நிறத்தையெல்லாம் கூட்டியிருக்க மாட்டன்.

நளீர்: கூட்டினது நல்லம். ஒரு மாசம் சந்தோஷமாத் திண்டன்.

றிஸ்னா: ஊட்டுக் கறிக்கு நான் நிறம் கூட்டலாம். அது நம்ம ரெண்டு பேரோட. நானூறு பேருக்குச் சமைக்கிற இறைச்சி பழுதாப் போனா?

நளீர்: பார்க்காமப் போட மாட்டன். நிறம் பார்ப்பன். விரலால அமத்திப் பார்ப்பன், வழுக்குதா எண்டு...

றிஸ்னா: சரக்குப் பிரட்டி வச்ச இறைச்சியில என்ன நிறம் தெரியும்? எல்லாம் சிவப்பும் மஞ்சளும்தானே.

நளீர்: நாலு வருஷத்துல ஒரு ஆளாவது வயித்துவலி எண்டு வந்ததா?

றிஸ்னா: வரல்ல. ஏன் வரல்ல?

நளீர்: அல்லாஹ் காப்பாத்தினான்.

றிஸ்னா: அவன்தான். அதுக்கு ஸியாம் காக்காட மூக்க வச்சிரிந்தான்.

நளீர்: அந்தப் பேச்ச விடு.

றிஸ்னா: எடுக்கத்தான் போறன்.

நளீர்: விடு எண்டு சொல்றன் றிஸ்னா.

றிஸ்னா: பதினெட்டு வருஷம் உங்களோட கிடாரம் தூக்கின மனிசன், எனக்கு மூத்த சகோதரம் மாதிரி. அந்தப் பலாக்காய் திண்ட நாளைக்கு மறுநாள், நான் அவர்ட ஊட்டுக்குப் போனன். காக்கா, இவருக்கு மணம் தெரியாது, சொல்லவும் மாட்டார், நீங்க பக்கத்துல நிண்டு எல்லாத்தையும் மணந்து பாருங்க எண்டு கேட்டன். அவர், எனக்கு அது முதல்லயே விளங்கிட்டு தங்கச்சி எண்டார்.

நளீர்: ...அவனுக்கும் தெரியுமா?

றிஸ்னா: உங்களுக்கு மூக்கா நிண்டது அவர்தான். ரெண்டு வருஷம்.

நளீர்: கிடாரத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டே நிப்பான். விழப் போறாய் எண்டு ஏசுவன்.

றிஸ்னா: ஏசினீங்க. போன வருஷம் அடிச்சீங்க. ஓட்டமாவடியில, மீராசாஹிப் ஹாஜியார்ட மகள்ட கல்யாணத்துல.

நளீர்: தெரியும்.

றிஸ்னா: சஹன் தட்டுகளுக்கு வைக்க இறைச்சி போதாமப் போச்சு. கடைசிப் பந்திக்கு வெறும் சோறு போச்சு. ஹாஜியார் வந்து உங்களக் கேட்டார். ஸியாம் ஒரு இறைச்சிப் பேசினத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் போனதக் கண்டன் எண்டு ஆரோ சொன்னான். நீங்க அவரக் கூப்பிட்டு, இறைச்சி எங்க எண்டு கேட்டீங்க. அவர் பேசாம நிண்டார்.

நளீர்: மூணு தரம் கேட்டன்.

றிஸ்னா: மூணு தரமும் பேசல்ல. கள்ளன் எண்டு சொல்லி, மாப்பிள்ளை ஊட்டுச் சனத்துக்கு முன்னால கன்னத்துல அடிச்சீங்க.

நளீர்: நீ அங்க இரிக்கல்ல. நேர்ல பார்த்த மாதிரிச் சொல்றாய்.

றிஸ்னா: நான் இரிக்கல்ல. ஆனா அண்டைக்குக் காலம்பற பத்து மணிக்கு ஸியாம் காக்கா எனக்குக் கோல் எடுத்தார். தங்கச்சி, ஒரு பேசின் இறைச்சி மணக்குது, ஐஸ் உருகிட்டு, இவன் இப்ப கிடாரத்துல போடப் போறான், என்ன செய்ய எண்டு கேட்டார்.

நளீர்: நீ என்ன சொன்னாய்?

றிஸ்னா: அவருக்குத் தெரியாமக் கொண்டு போய்ப் புதைச்சிருங்க எண்டு சொன்னன். என்ன நடந்தாலும் அவருக்குச் சொல்லிராதீங்க எண்டும் சொன்னன். அவர் களவெடுக்கல்ல. என்ட சொல்லக் கேட்டார்.

நளீர்: சொல்லு.

றிஸ்னா: அண்டு பின்னேரம் அஸருக்குப் பொறகு நான் அவர்ட ஊட்டுக்குப் போனன். கன்னம் வீங்கியிருந்திச்சு. காக்கா, இதுக்கு மேல மறைக்க வேணாம், நான் அவரிட்டச் சொல்றன் எண்டன். வேணாம் எண்டார். இறைச்சிய எடுத்தது நான் எண்டா நளீர் ஒரு வருஷம் கோவத்துல இரிப்பான், பழுதான இறைச்சிய அவன் கையால போடப் போனான் எண்டு தெரிஞ்சா இனி அகப்பை பிடிக்க மாட்டான் எண்டார்.

நளீர்: அப்படியா சொன்னான்?

றிஸ்னா: அப்படித்தான் சொன்னார். இப்ப அரிசி மில்லுல மூட்டை தூக்குறார், ஐம்பது வயசுல. சமையலுக்கு ஆரும் எடுக்கிறல்ல. அவர்ட மகள் இர்ஷானாக்குப் பேசி வந்த இடமும், வாப்பா களவெடுத்தவராம் எண்டு விட்டிட்டுப் போச்சுது.

நளீர்: அதுவும் காதுல பட்டிச்சு.

றிஸ்னா: அவர் போன பொறகுதான் நான் உங்களோட வெங்காயம் உரிக்க வரத் தொடங்கினன். பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டுத் திரியிறான் எண்டு ஊரே பகிடி பண்ணிச்சு. ஒவ்வொரு பேசினையும் நான்தான் மணந்து பார்த்தன். ஒவ்வொரு தரமும் ஸியாம் காக்காட முகம்தான் வரும்... இண்டைக்குச் சிலிண்டர மாத்தச் சொன்னதும் நான்தான். உங்களுக்கு மணக்காது எண்டு தெரிஞ்சும் சொல்லிட்டுப் போனன். இப்படிப் பேசாம இரிந்தே ஒரு மனிசன்ட மானத்தப் போக்கினன். உங்களையும் போக்கியிருப்பன்.

நளீர்: அழாத.

றிஸ்னா: அழல்ல. நாளைக்குக் காலம்பற அவர்ட ஊட்டுக்குப் போறன். மாப்புக் கேக்கணும். நீங்களும் வாங்க.

நளீர்: வாறன். பொறகு அவனையும் ஏத்திக்கிட்டு ஓட்டமாவடிக்குப் போகணும். ஹாஜியாரக் காணணும்.

றிஸ்னா: அங்க என்னத்துக்கு?

நளீர்: கள்ளன் எண்டு சொன்னது அங்கதானே. அந்தச் சனத்தக் கூப்பிட்டுச் சொல்லணும். என்ட மூக்குட கதையையும் சொல்லணும்.

றிஸ்னா: அதோட தொழில் போயிரும்.

நளீர்: போகட்டும். வெள்ளிக்கிழமை ஏறாவூர்க் கல்யாணத்துக்கும் இண்டைக்கே கோல் எடுத்துச் சொல்லிருவன், இதுதான் சங்கதி, வேற ஆளப் பாருங்க எண்டு. ஸியாம் மனம் வச்சுத் திரும்ப வந்தா, அவன் தலையாளா நிக்கட்டும், நான் விறகு தள்ளுறன்.

றிஸ்னா: இவ்வளவு வேணாம். ஸியாம் காக்காட கையப் பிடிச்சு மாப்புக் கேட்டாப் போதும். நீங்க வேணுமெண்டு செய்யல்லதானே. அறியாமச் செஞ்சது.

நளீர்: அடிச்சது அறியாம. அது மட்டும்தான் அறியாம. அடுத்த நாள் காலம்பற கிடாரங்கள லொறியில ஏத்தப் போனன். ஹாஜியார்ட பின் வளவுல நாய்கள் மண்ணக் கிளறி, இறைச்சிய வெளியால இழுத்துப் போட்டிரிந்திச்சு. ராவு மழை பேஞ்சு சரக்கெல்லாம் கழுவிப் போயிட்டு. பச்சை பிடிச்சுக் கிடந்திச்சு. பக்கத்துல போய்க் குந்திப் பார்த்தன் புள்ள, எனக்கு ஒண்டும் மணக்கல்ல. வேலிக்கு அங்கால பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் போச்சுதுகள். கிட்ட வந்ததும் ஒவ்வொண்டும் பர்தாவ இழுத்து மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிச்சுதுகள். அதுகள்ட கையப் பார்த்துத்தான் எனக்கு அந்த மணம் தெரிஞ்சிச்சு. ஸியாம் களவெடுக்கல்ல எண்டும் தெரிஞ்சிச்சு. வெளியால சொன்னா, இத ஏன் உன்ட மூக்குப் பிடிக்கல்ல எண்டு கேப்பானுகளே... ஒரு வருஷமா அவன் கள்ளன் இல்ல எண்டு தெரியும் றிஸ்னா. அண்டைக்கு அந்தக் குழிய மண்வெட்டி எடுத்துத் திரும்ப மூடினது நான்தான்.